மூன்று சில்லு வள்ளம்

இறங்குதுறையில் எந்த வள்ளத்து எஞ்சின் இருமினாலும் குருநகர்க்காரர் முதலில் தேடிப் போவது கிறிஸ்துநாயகத்தைத்தான். வயது ஐம்பத்துமூன்று. ஒல்லியான ஆள், நகக்கண்ணில் எந்நேரமும் கிறீஸ். கதை குறைவு, கதைக்கிற கொஞ்சத்திலும் பாதி ஏச்சு. "பிளக்கைத் துடைக்காமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினால் எஞ்சின் ஓடுமோடா?" என்று கேட்டுக்கொண்டே பிளக்கைக் கழற்றுவார். ஏச்சு வாங்கியவன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பான். கால் மணித்தியாலத்தில் எஞ்சின் ஓடும் என்று அவனுக்குத் தெரியும்.

இவ்வளவு கைவேலை தெரிந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு கண்டுபிடிப்பாவது வேண்டாமா? இருந்தது. தேய்ந்த எஞ்சின்களில், வள்ளத்தைத் திருப்பவும் முறுக்கி வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் உதவுகிற பிடி, அதிர்வில் மெல்ல மெல்லப் பின்னுக்குச் சுழன்று வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும். அதனால் ஓட்டுகிறவன் பிடியிலிருந்து கையை எடுக்க முடியாது. தண்ணீர் இறைக்க முடியாது, வலையை ஒதுக்க முடியாது, ஒரு பீடி பற்றவைக்கவும் முடியாது. நாயகத்தார் சைக்கிள் ரியூப்பில் விரலகலத்துக்கு ஒரு பட்டி வெட்டி, பிடியின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை இரண்டாவது சுற்றுக்கு அடியால் செருகிவிடுவார். அதன்பிறகு பிடி வைத்த இடத்திலேயே நிற்கும். துறையில் அதற்கு 'நாயகம் கட்டு' என்று பெயர். வெளியில் முறைத்தாலும், அந்தப் பெயரைக் கேட்கும்போது அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்ததுதான். பாதி வள்ளங்களில் அந்தக் கட்டு இருந்தது. தம்பி ஜஸ்ரினின் வள்ளத்திலும் இருந்தது.

ஜஸ்ரின் அவரிலும் பதினைந்து வயது இளையவன். தகப்பன் இல்லாமற் போன பிறகு அவர் தோளிலேயே வளர்ந்தவன். 2022ஆம் ஆண்டு, சனம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் பாய் விரித்துப் படுத்த காலம். இரண்டு நாள் நின்று ஒரு கான் எண்ணெய் எடுத்த ஜஸ்ரின், ஆவணி மாதத்தில் ஒரு நாள் விடியற் கருக்கலில் தனியே கடலுக்குப் போனான். கூடப் போகிறவனுக்கு அன்று காய்ச்சல். எட்டு மணிக்கு வரவேண்டியவன் பத்தாகியும் வரவில்லை. நான்கு வள்ளங்கள் நான்கு பக்கம் தேடிப் போயின. நாயகத்தார் தன் சின்ன வள்ளத்தை எடுத்துக்கொண்டு மேற்கே, நெடுந்தீவுப் பக்கமாகப் போனார்.

உச்சி வெயில். அந்த மாதத்தில் ஓயாமல் அடிக்கிற கச்சான் காற்றுக்கூட அன்று விழுந்து கிடந்தது. தூரத்தில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. தம்பியின் எஞ்சினை அவருக்குத் தெரியாதா? முகம் விரிந்து, எழும்பி நின்று கையைத் தூக்கினார். கிட்டப் போகப் போகத்தான் கண்டார், அந்த வள்ளம் எங்கேயும் போய்க்கொண்டிருக்கவில்லை. ஆளில்லாமல், ஒரே வேகத்தில், ஒரே வட்டத்தில், இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகச் சுற்றியதோ, வட்டத்தின் நடுவில் தண்ணீர் கலங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது.

ஓடுகிற வள்ளத்துக்குக் கிட்டப் போகமுடியாது, வந்து இடிக்கும். வட்டத்துக்கு வெளியே எஞ்சினை நிறுத்திவிட்டு "ஜஸ்ரின், ஜஸ்ரின்" என்று கூப்பிட்டார். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எண்ணெய் தீரும்வரை ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்து அதைப் பார்த்தார். ஒவ்வொரு சுற்றிலும் வள்ளத்தின் வெறும் பலகை அவரை நோக்கித் திரும்பி, ஆள் இருக்கவேண்டிய இடத்தைக் காட்டிவிட்டுப் போனது.

கடைசியில் எஞ்சின் விக்கி நின்றது. போய் ஏறினார். பிடியின் கழுத்தில் கட்டு இருந்தது, மூன்று சுற்று, நுனி உள்ளே. எஞ்சினைத் தூக்கிப் பார்த்தபோது தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் ஜஸ்ரின் உடுத்திப்போன நீலச் சாரத்தின் கிழிசல் ஒன்று இறுகிக் கிடந்தது. எஞ்சின் பழகியவருக்கு அதற்குமேல் ஒருவரும் விளக்கத் தேவையில்லை. கை விட்ட எஞ்சின் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும், வள்ளம் வட்டம் போடும், வட்டம் போட்ட வள்ளம் ஆள் விழுந்த இடத்துக்கே திரும்பி வரும். கட்டு இல்லாதிருந்தால் வேகம் தானாக அடங்கியிருக்கும். ஜஸ்ரின் நீந்திப்போய் ஏறியிருப்பான்.

நாயகத்தார் சாரக் கிழிசலைக் கத்தியால் வெட்டிக் கடலில் போட்டார். கட்டை அவிழ்த்து அதையும் போட்டார். வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

கரையில் சனம் சூழ்ந்து கேட்டபோது, "எஞ்சின் நிண்டபடி மிதந்துகொண்டு கிடந்தது. ஆளில்லை" என்று மட்டும் சொன்னார். மிச்சக் கதையைச் சனமே கட்டிக்கொண்டது. அந்தக் கிழமைதான் பஞ்சம் தாங்காமல் மன்னார்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு வள்ளம் ஏறியிருந்தார்கள். ஜஸ்ரினும் நடுக்கடலில் வேறு வள்ளத்துக்கு மாறி அக்கரைக்குப் போயிருப்பான், காலூன்றிவிட்டுப் பெண்சாதியைக் கூப்பிடுவான் என்றார்கள். உடல் கரை ஒதுங்காததால் அந்தக் கதை நன்றாக வேர்விட்டது.

ஜஸ்ரினின் மனைவி டிலக்ஷி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் நாயகத்தாரிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணை, எஞ்சினை அவர் தன்ரை கையாலைதான் நிப்பாட்டியிருப்பார், என்ன?"

அவள் கண்ணைப் பார்த்த நாயகத்தார், "ஓம் பிள்ளை" என்றார்.

ஒரேயொரு ஓம். அதற்குப் பிறகு மூன்று வருடம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் டிலக்ஷி அடுப்பை விட்டு ஓடுவாள். மண்டபம் அகதி முகாமில் ஆருக்கு ஆரைத் தெரியும் என்று கோயிலடியில் விசாரித்துத் திரிவாள். இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கொடுக்கச் சொன்னவர்களோடு சண்டை பிடித்துக் கதையை முறித்தாள். முப்பத்துமூன்று வயதுப் பெண், கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசற் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். நாயகத்தார் ஒவ்வொரு கிழமையும் சொல்லிவிட வேண்டும் என்று அவள் வீட்டுக்குப் போவார், தேநீர் குடிப்பார், குழாய்க்கு வோஷர் மாற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். ஜஸ்ரினின் எஞ்சினை விற்றார்கள். பிடியை மட்டும் இன்னொருவன் கையில் கொடுக்க மனம் வராமல் கழற்றி, வேறொன்று பூட்டிக் கொடுத்தார். துறையில் மற்ற வள்ளங்களில் இருந்த கட்டுகளையெல்லாம் ஒரு சாட்டுச் சொல்லி வெட்டியெறிந்தார். அதன்பிறகு ஒருவருக்கும் அவர் கட்டுப் போடவில்லை.

டிலக்ஷி துறையில் மீன் எடுத்து ஒழுங்கை ஒழுங்கையாக விற்றுச் சீவித்தாள். தலைச்சுமை. இந்த வருடம் மாசியில் அவளுக்குக் கழுத்தெலும்பில் நோ வந்தபோது நாயகத்தார், "பொறு பிள்ளை. நான் உனக்கொரு வண்டி செய்து தாறன்" என்றார். வாயால் கொடுக்க முடியாததைக் கையால் கொடுக்கப் பார்த்தார், வேறென்ன?

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலுக்குள் வேலை தொடங்கியது. மருதனார்மடத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தகம் வைத்திருக்கும் ஜெயதீபனிடம், முன்பக்கம் சப்பளிந்துபோன ஒரு ஸ்கூட்டி கிடந்தது. அதன் பின்பாதியை, எஞ்சினும் சில்லும் ஒன்றாய்ச் சேர்ந்தபடி, வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். தண்ணீர்க் குழாய் இரும்புகளை ஒட்டிச் சட்டம் செய்தார். முன்னுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் சில்லு, நடுவில் மீன் பெட்டி. பின்னுக்கு ஒற்றைச் சில்லு. ஸ்கூட்டியின் பின்பாதியை ஒரு தடித்த குழாயில் நிறுத்தினார், எஞ்சினும் சில்லும் சேர்ந்தே இடமும் வலமும் திரும்பும்படி. ஓட்டுகிறவர் பக்கத்துப் பலகையில் சரிந்திருந்து பின்னாலிருந்து நீண்டு வரும் பிடியைப் பிடிக்கவேண்டும். பிடியை இடப்பக்கம் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகும்.

செய்து முடிக்கும்வரை இதில் ஏதும் புதினம் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. நாற்பது வருடம் வள்ளம் ஓட்டிய கை, எதைச் செய்தாலும் வள்ளத்தைத்தான் செய்யும். ஜெயதீபன் பார்க்க வந்து, "நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன் அண்ணை" என்று ஏறி, வலப்பக்கம் திரும்பப் போய் இடப்பக்கத்துக் கிடுகு வேலிக்குள் புகுந்தான். முகம் முழுக்கக் கிடுகுத் தூளோடு எழும்பி வந்தான்.

"அண்ணை, உது வண்டியில்லை. நீங்கள் வள்ளத்துக்குச் சில்லுப் பூட்டி வைச்சிருக்கிறியள். முன்சில்லு திரும்பவேணும். பின்சில்லு திரும்புற வண்டி, பிடியை விட்டால் என்ன செய்யுமெண்டு தெரியுமோ?"

"விட்டால்தானே?" என்றார் நாயகத்தார். "உனக்கு ஓடத் தெரியாட்டி வண்டியைக் குறை சொல்லாதை. எங்கடை துறையிலை ஒருத்தரும் பிழை சொல்லேல்லை."

உண்மைதான். பக்கத்து வீட்டு வின்சன்ற் ஏறி, முதல்தரமே ஒழுங்கை முடக்கால் வழுக்கிக்கொண்டு போய் வந்தார். கடல்காரர் எல்லாருக்கும் அது பிறந்த நாளிலிருந்து ஓட்டிய வண்டி மாதிரி இருந்தது. பொலிஸ் மறித்தால் என்ன சொல்வது என்று நாயகத்தாரின் மனைவி றஜனி கேட்டதற்கு, "வள்ளமெண்டு சொல்லச் சொல்லும்" என்று வின்சன்ற் சிரித்தார்.

பிடி மட்டும் சரிவரவில்லை. முதலில் பூட்டியிருந்த ஸ்கூட்டியின் பிடி நீளம் குறைவு, எட்டி எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தது. நான்கைந்து பிடி மாற்றிப் பார்த்தும் கேபிள் பொருந்தவில்லை. பசளைப் பையில் சுற்றிக் கொட்டில் வளையில் தொங்கவிட்டிருந்த ஜஸ்ரினின் பிடியைக் கடைசியாக எடுத்தார். பூட்டினார். அளவெடுத்துச் செய்ததுபோல அது போய் உட்கார்ந்தது. அப்போதே கழற்றிவிடலாமா என்று நினைத்தார். பிறகு, அவளுக்கு அவளுடைய மனுசனின் கைபட்ட பிடி கிடைக்கட்டும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பிடி பூட்டிய நாளிலிருந்து வண்டியின் சத்தம் மாறியது. ஸ்கூட்டி எஞ்சின் எப்படி அப்படிச் சத்தம் போடும் என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பிடி பாதி தாண்டும்போது ஒரு நொடி தயங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே ஏறும். ஜஸ்ரினின் எஞ்சின் அப்படித்தான் ஏறும். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த வின்சன்ற் அந்தச் சத்தத்துக்குக் கடற்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வேலிக்கு மேலால் எட்டி, "நாயகம், கோவிக்காதை. ஜஸ்ரின் வாறான் எண்டு நினைச்சிட்டன்" என்றார். இரண்டு வீடு தள்ளி டிலக்ஷி, மாக் குழைத்த கையோடு ஓடிவந்து படலையில் நின்றாள். வண்டியைக் கண்டதும் திரும்பி உள்ளே போய்விட்டாள். நாயகத்தாருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

வண்டி எந்நேரமும் ஒரு பக்கம் இழுக்கவும் தொடங்கியது. இடப்பக்கம். குழாயைக் கழற்றி நிமிர்த்தினார், சில்லை மாற்றினார், நூல் பிடித்து அளந்தார். அளவில் எல்லாம் சரி. பிடியை அரைவாசி தளர்த்தினால் போதும், மெதுவாக, அவசரமே இல்லாமல், அது இடப்பக்கம் திரும்பும்.

பிறகு ஒரு நாள் காலை கொட்டிலுக்குள் போனவர் அசையாமல் நின்றார். பிடியின் கழுத்தில் கறுப்பு ரியூப் பட்டி. மூன்று சுற்று, நுனி உள்ளே.

"றஜனி! ஆர் கொட்டிலுக்குள்ளை வந்தது?"

குசினியிலிருந்து வந்த றஜனி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஆர் வாறது? நேற்றுப் பின்னேரம் நீங்கள்தானே இருந்து சுத்தினனீங்கள். தேத்தண்ணிக்கு ரெண்டு தரம் கூப்பிட்டனான், திரும்பியும் பாக்கேல்லை."

அவருக்கு அப்படி ஒரு நினைவும் இல்லை. நேற்றுப் பின்னேரம் கேபிளுக்கு எண்ணெய் விட்டது நினைவிருந்தது, கை கழுவியது நினைவிருந்தது. இடையில் ஒன்றும் இல்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேய் பிசாசு என்றால் ஓதுவித்து ஓட்டலாம். தன் கைக்கே பயப்படுகிறவன் எங்கே போய்ச் சொல்வான்? பட்டியை வெட்டி அடுப்பில் போட்டார். கொட்டிலில் கிடந்த பழைய ரியூப்புகளையும் ஒன்றுவிடாமல் அள்ளிக் கொண்டுபோய் எரித்தார்.

ஆவணி வந்தது. குருநகருக்குக் கிழக்கே கரையோரம் நீர் வற்றி, சேறு காய்ந்து, உப்புப் பூத்த வெளியாகக் கிடந்தது. டிலக்ஷி ஓடிப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு சனிக்கிழமை மீன் விற்று முடித்து அவள் வந்தபோது பன்னிரண்டு மணியாகிவிட்டது. பின்னேரம் பார்ப்போம் என்றார் நாயகத்தார்.

"இல்லை அண்ணை, இப்பவே. ஒருத்தரும் பாக்க மாட்டினம். எனக்கு வெக்கம்" என்றாள்.

வெளியில் ஒரு குருவிகூட இல்லை. நிழல்கள் காலடிக்குள் சுருங்கிவிட்டன. வெயிலில் உப்பு வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. அதற்கு அப்பால் கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. காற்று விழுந்து கிடந்தது. அதைத்தான் நாயகத்தார் முதலில் கவனித்தார். அந்த மாதத்தில், அந்த நேரத்தில், காற்று அப்படி விழுந்து அவர் ஒரு நாள்தான் கண்டிருக்கிறார்.

டிலக்ஷி தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு பலகையில் இருந்தாள். அவளும் கடற்காரன் மகள்தான், சின்னதில் தகப்பனோடு வள்ளம் ஓட்டியவள். பிடியைப் பிடித்தாள். அது பாதி தாண்டித் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏறியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நேராக ஒரு ஓட்டம். தூரத்தில் அவள் சிரிப்பது தெரிந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரிப்பதை அவர் அன்றைக்குத்தான் கண்டார். அவருக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. இனி ஒன்றும் சொல்லத் தேவையில்லை, இப்படியே போகட்டும் என்றுகூட நினைத்தார்.

அந்த நேரம் அவள் நழுவிய துவாயைப் பிடிக்க இரண்டு கையையும் தூக்கினாள்.

வண்டி வேகம் குறையவில்லை. அதே வேகத்தில் சடாரென்று இடப்பக்கம் திரும்பியது. டிலக்ஷி வலப்பக்கமாகப் பறந்து உப்பில் விழுந்தாள். எழும்பப் பார்த்தாள், கணுக்கால் மடங்கி மீண்டும் விழுந்தாள். ஆளில்லாத வண்டி தன்பாட்டில் போய், வளைந்து, வட்டம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. நேரே அவளை நோக்கி வந்தது. அவள் உருண்டு விலகினாள். ஒரு சாண் இடைவெளியில் கடந்துபோய் மறுபடியும் வளைந்தது.

நாயகத்தார் அசையவில்லை. ஓட வேண்டும் என்று தெரியும், கால் வரவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் வெறும் பலகை ஒன்று அவரை நோக்கித் திரும்பி, ஆள் இருக்கவேண்டிய இடத்தைக் காட்டிவிட்டுப் போனது. பெற்றோல் தீரட்டும், தீர்ந்ததும் போவோம் என்று அவருக்குள் யாரோ நிதானமாகச் சொல்வது கேட்டது. குரல் அவருடையதுதான். மூன்று வருடத்துக்கு முந்திய குரல்.

"அண்ணை!" என்று டிலக்ஷி கத்தினாள். வண்டி மூன்றாந்தரம் வளைந்துகொண்டிருந்தது. "அண்ணை, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்!"

அந்தக் கத்தலில்தான் அவருக்குக் கால் வந்தது. ஓடினார். வட்டத்துக்குள் புகுந்து, பக்கச் சட்டத்தைப் பாய்ந்து பிடித்தார். வண்டி அவரை உப்பின் மேல் இழுத்துக்கொண்டு போனது. முழங்கால் தோல் உரிய உரியக் கையை நீட்டி, பிளக் வயரைப் பிடுங்கினார். டிலக்ஷிக்கு ஆறேழு அடி தூரத்தில் வண்டி விக்கி நின்றது.

சத்தம் நின்றதும் வெளி முழுவதும் காது அடைத்ததுபோல் ஆயிற்று. நாயகத்தார் விழுந்து கிடந்தபடி பிடியைப் பார்த்தார். மூன்று சுற்று. நுனி உள்ளே.

"இதை ஆர் சுத்தினது?" குரல் கிழிந்துபோய் வந்தது.

டிலக்ஷி கணுக்காலைப் பிடித்தபடி அவரை வெறித்துப் பார்த்தாள். "நீங்கள்தான் அண்ணை. நான் துவாய் கட்டேக்கை என்ரை கண்ணுக்கு முன்னாலை, சேட்டுப் பொக்கற்றுக்குள்ளையிருந்து எடுத்துச் சுத்தினனீங்கள். கை நோகாமல் ஓடலாம் பிள்ளை எண்டும் சொன்னனீங்கள்."

ஜஸ்ரினுக்கும் அதே வார்த்தையைத்தான் அவர் சொல்லியிருந்தார். கை நோகாமல் ஓடலாமடா.

அதற்கு மேலும் மறைக்க அவரால் ஏலவில்லை. மறைத்தால் இந்தக் கை அடுத்ததாக என்ன செய்யும் என்று அவருக்கே தெரியாது. உப்பில் இருந்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினார்.

"பிள்ளை, அண்டைக்கு எஞ்சின் நிண்டிருக்கேல்லை. ஓடிக்கொண்டிருந்தது. வள்ளம் இப்பிடித்தான் சுத்திக்கொண்டு நிண்டது, ஆளில்லாமல். பிடியிலை நான் போட்ட கட்டு. அவன் விழுந்திருக்கிறான், வள்ளம் திரும்பி வந்து அவனிலை ஏறியிருக்கு. எஞ்சின் விசிறியிலை அவன்ரை சாரத் துண்டு கிடந்தது. நான்தான் வெட்டிக் கடலிலை போட்டனான். அவன் இந்தியாவுக்குப் போகேல்லை. எனக்கு அண்டைக்கே தெரியும்."

டிலக்ஷி கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள். பிறகு, மிகவும் சாதாரணமான குரலில், "எவ்வளவு நேரம் சுத்தினது?" என்று கேட்டாள்.

"நான் கண்டாப் பிறகு ஒரு மணித்தியாலம் இருக்கும். எண்ணெய் முடியுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"ஒரு மணித்தியாலம்" என்றாள் அவள். "உங்களுக்கு ஒரு மணித்தியாலம். எனக்கு மூண்டு வருசம் அண்ணை. நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி மறித்தாள். நொண்டி நொண்டி எழும்பினாள். அவர் தோள் கொடுக்கப் போக, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தனியே நடந்தாள். அவர் பத்தடி பின்னால், இரத்தம் ஒழுகும் முழங்காலோடு நடந்தார். தன் படலையைத் திறந்து முற்றத்துக்குப் போனபிறகுதான் டிலக்ஷி மண்ணில் இருந்து, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, பெரிய குரலெடுத்து அழுதாள்.

"என்ரை ராசா, போட்டியோ! என்னை விட்டிட்டுப் போட்டியோ!"

அந்த அழுகை எதற்கானது என்று குருநகரில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோறு தின்ற கையைக் கழுவாமல் பெண்கள் ஓடிவந்தார்கள். ஆர், ஆர் என்று கேட்டார்கள். "என்ரை மனுசன் செத்துப்போனார்" என்றாள் அவள். எப்போது என்று ஒருத்தி கேட்டாள். "இப்ப" என்றாள். றஜனி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்ன ஏது என்று தெரியாமலேயே தானும் அழுதாள். ஒருவர் கதிரைகளை எடுத்து வெளியே போட்டார். இன்னொருவர் சாமிப்படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். அரை மணித்தியாலத்துக்குள் அது செத்தவீடு ஆகிவிட்டது. உடல் மட்டும்தான் இல்லை.

நாயகத்தார் வேலியோரம் ஒதுங்கி நின்றார். எங்காவது போய்விடலாம் என்று கால் சொன்னது. அழுகைக்கு நடுவில் டிலக்ஷி தலையை நிமிர்த்தி அவரைக் கூப்பிட்டாள்.

"எங்கை போறியள்? உரித்துக்காரன் நீங்கள்தானே. போய்ப் படலையிலை நில்லுங்கோ. வாற சனத்துக்கு நீங்களே சொல்லுங்கோ."

செத்தவீட்டில் அதுதான் முறை. வருகிறவர்கள் படலையில் நிற்கும் உரித்துக்காரனின் கையைப் பிடிப்பார்கள், பிடித்தபடியே என்ன நடந்தது என்று கேட்பார்கள், அவன் சொல்லவேண்டும். எத்தனை பேர் கேட்டாலும் அத்தனை பேருக்கும் சொல்லவேண்டும்.

நாயகத்தார் போய்ப் படலையில் நின்றார். முதலாவதாக வந்தவர் வின்சன்ற். சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே அவசரமாக வந்து, அவர் வலக்கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"என்ன நாயகம், என்ன நடந்தது?"

நாயகத்தார் சொன்னார். சுற்றிய வள்ளத்தைச் சொன்னார், கட்டைச் சொன்னார், சாரத் துண்டைச் சொன்னார், அந்த ஓம் என்ற சொல்லையும் சொன்னார். கேட்கக் கேட்க வின்சன்றின் பிடி தளர்ந்தது. கடைசியில் கையை விட்டுவிட்டு, முகம் பார்க்காமல் உள்ளே போனார்.

பின்னால் ஒழுங்கை நிறையச் சனம் வந்துகொண்டிருந்தது. அடுத்தவர் வந்து கையைப் பிடித்தார். நாயகத்தார் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.